எதிர்மனுதாரர் யாழ்ப்பாணத்தில்

வீட்டுக்காரர் போட்ட மனுவில் எதிர்மனுதாரர் ஒரே ஒருவர்தான், ஒரு ராணுவ ஹவில்தார். முகவரி என்று கொடுத்திருந்தது ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அதே வாடகை வீடு. மனு போட்ட அன்று அவர் அந்த வீட்டில் இல்லை என்பது மனு போட்டவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், முனை டீக்கடைக்கும் தெரியும். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

1988ஆம் வருடம். முந்தைய ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த நாளே இந்திய அமைதிப்படை பலாலியில் போய் இறங்கத் தொடங்கியது. அக்டோபரில் அமைதி போய் சண்டை வந்தது. கோட்டையில், அதாவது நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹவில்தார் அந்த அக்டோபருக்குப் பிறகுதான் போனார். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ராயபுரத்திலேயே விட்டுப் போனார்.

நான் அப்போது தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியர். பெண் ஜூனியர் என்றால் குடும்ப வழக்கும் வாடகை வழக்கும்தான் கைக்கு வரும். அந்த அம்மா படியேறி வந்தபோது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். எக்ஸ்பார்ட்டி உத்தரவின் நகல், அதாவது எதிர்மனுதாரர் ஆஜராகாமலே போட்ட உத்தரவு. அதைக் கொடுத்தது கோர்ட் அல்ல, வீட்டுக்காரரே. "ஜட்ஜ்மென்ட் வாங்கிட்டேன், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணும்மா" என்று பெருமையாகக் காட்டி, படிக்கவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டு அமீனாவோடு வந்திருந்தால், உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் கெடு முடிந்து போயிருக்கும். பெருமைதான் எங்களுக்கு நாள் கொடுத்தது.

அந்த அம்மா வேலூர்ப் பக்கம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது அதிசயமில்லை. கணியம்பாடிக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். அவர் நர்ஸ். வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும்.

வீட்டுக்காரருக்கு முதலில் மிலிட்டரிக் குடித்தனம் என்றால் தனிப் பிரியம். வாடகை 350 ரூபாய் ஒன்றாம் தேதி வந்துவிடும். அதைவிட, கேன்டீன் கோட்டா. மாதாமாதம் ஹவில்தார் கையால் ஒரு ரம் பாட்டில் கீழ் போர்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை அந்த அம்மா எங்களிடம் சொல்லத் தயங்கினார்; சீனியர்தான் குறுக்குக் கேள்வி கேட்டு வாங்கினார். ஹவில்தார் போன மாதத்தோடு ரம் நின்றது. வாடகையும் தேதி தள்ளிப் போனது. சம்பளத்திலிருந்து குடும்பத்துக்கு அவர் அனுப்பும் பணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடிதத்துக்கு இருந்த ஒரே விலாசம், பெயரும் நம்பரும் போட்டு "56 ஏ.பி.ஓ." அதற்கு மேல் அந்த மனிதர் எந்த முகாமில் என்று மனைவிக்கே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அந்த வருடத்து ராயபுரம் புரியாது. தெருவில் ஈழ அகதிகளுக்கு அரிசியும் துணியும் திரட்டிக் கொடுத்த அதே ஜனம்தான் இந்த அம்மாவுக்கும் அக்கம்பக்கம். யாழ்ப்பாணத்துச் செய்தி வரவர, தண்ணி லாரி வரிசையில் பேச்சு மாறியது. "உங்க ஊட்டுக்காரரு அங்க யாரம்மா சுடறாரு?" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். பொல்லாத பெண்ணில்லை, இவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்துக் கொடுத்தவள். இரண்டு நியாயமும் ஒரே குடத்தடியில் நின்றன. வேறு வீடு பார்க்கலாம் என்று இவர் காசிமேடு வரைக்கும், அந்தப் பக்கம் திருவொற்றியூர் வரைக்கும் அலைந்திருக்கிறார். புருஷன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் பாதிக் கதவு மூடிக்கொண்டது. மீதிக் கதவு, ராத்திரி டியூட்டி என்றதும். குடும்ப குவார்ட்டர்ஸுக்கு மனு போட்டிருந்தார், பெயர் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தது.

வீட்டைவிடப் பெரிய சிக்கல் குழந்தைகள். மூத்தது நாலு வயசு. பகலில் பால்வாடியில் விடலாம், சத்துணவும் போடுவார்கள், ஆனால் மத்தியானத்தோடு அனுப்பிவிடுவார்கள். சின்னதுக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை, அதை அங்கே சேர்க்க முடியாது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பறை வைக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் 48ஆம் பிரிவில் சொன்னது. எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்திருந்தால் இவர் அதைக் கேட்டிருக்கலாம். நர்சிங் ஹோம் தொழிற்சாலை இல்லையே. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமெல்லாம் காப்பறை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2017இல். அந்தக் கைக்குழந்தைக்கு அப்போது முப்பது வயசு.

இந்த நேரத்தில்தான் இரண்டாவது பெண் வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் நாயக். அவரும் இலங்கையில்தான், வேறு யூனிட். பிரசவத்துக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்ட ஊரிலிருந்து வந்தவள், தங்க இடமில்லாமல் தூரத்து உறவில் யார் வீட்டிலோ முள்மேல் உட்கார்ந்திருந்தாள். கேன்டீன் வரிசையில் நர்ஸம்மாவைப் பார்த்திருக்கிறாள். எட்டு மாத வயிறு. நர்ஸ் கண்ணுக்கு அந்தக் கால் வீக்கம் தப்புமா? அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஏற்பாடு எழுதாத ஏற்பாடு: இவர் டியூட்டிக்குப் போனால் அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள், அவள் பிரசவத்தை இவர் பார்த்துக்கொள்வார். பிள்ளை பிறந்த பிறகும் அவள் போகவில்லை. எங்கே போவாள்? மூன்று குழந்தை, இரண்டு பெண்கள், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு.

வீட்டுக்காரர் மனுவில் இதற்கு வைத்த பெயர் உள்வாடகை. 1960ஆம் வருடத் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், பிரிவு 10(2)(ii)(அ): எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் குடியிருப்பவர் வீட்டை அடுத்தவருக்கு விட்டால் வெளியேற்றலாம் என்றது. கூடவே 10(2)(i), வேண்டுமென்றே வாடகை பாக்கி. மாதக்கணக்கில் பார்த்தால் இரண்டு மாத வாடகை தாமதம். மூன்றாவது மாதம் இந்த அம்மா மணியார்டர் அனுப்ப, வாங்க மறுத்துத் திருப்பி விட்டார். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார், புண்ணியவதி. கொல்லையில் அடிபம்பின் கைப்பிடி ஒருநாள் காணாமல் போனது. வசதிகளை நிறுத்தக்கூடாது என்று அதே சட்டத்தில் 17ஆம் பிரிவு இருந்தது. ஆனால் கைப்பிடிக்காக ஒரு தனி மனு போட சீனியர் ஒப்பவில்லை. "பக்கெட்ட கீழ்வீட்டுக் குழாயில வெக்கச் சொல்லு. ஜட்ஜுக்கு ஒரு கோபத்துக்கு மேல வராது, அதை வீணாக்காதே."

சம்மன் கதைக்கு வருகிறேன். அது ஹவில்தார் பெயருக்குப் போனது. அவர் இல்லை என்று திரும்பியது. பிறகு கதவில் ஒட்டியதாக அறிக்கை. ஒட்டிய தாளை அந்த அம்மா பார்க்கவே இல்லை என்றார். வீட்டுக்காரர் வீட்டுக் கதவும் இவர்கள் கதவும் ஒரே தெருவாசலுக்குள். யார் கிழித்திருப்பார்கள் என்று நாங்கள் வாதிடவில்லை, தேவைப்படவில்லை.

சீனியர் முதலில் எடுத்து வரச் சொன்னது 1925ஆம் வருடத்து இந்தியப் போர்வீரர்கள் வழக்காடல் சட்டம். படையாள் அயலில் இருக்கும்போது அவர்மீது வழக்கு நடந்தால் அதை நிறுத்தி வைக்கலாம், நடந்து முடிந்த தீர்ப்பையும் திறக்கலாம் என்று சொல்லும் சின்னச் சட்டம். என் வயசு வக்கீல்கள் யாரும் அதைப் புரட்டியிருக்க மாட்டார்கள். ஹைகோர்ட் நூலகத்தில் தேடி எடுத்துவந்து சந்தோஷமாக மூன்றாம் பிரிவைப் படித்தேன். கடல்கடந்து பணியாற்றுவது என்றால் என்ன என்று அங்கே விளக்கம்: இந்தியாவுக்கு வெளியே, கடல்வழியாகப் போக வேண்டிய எந்த இடமும். அந்த வாக்கியத்துக்கு நடுவே ஒரு அடைப்புக்குறி. அதற்குள், சிலோன் நீங்கலாக.

சீனியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் சிலோன் நீங்கலாக? அப்போது நான் நினைத்துக்கொண்ட காரணம் இது: 1925இல் எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் போட் மெயில் தனுஷ்கோடியில் விடும், அங்கிருந்து படகு தலைமன்னாருக்கு, பிறகு மறுபடி ரயில் கொழும்புக்கு. பெட்டி படுக்கையோடு தேயிலைத் தோட்டத்துக்கு ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்த ஊர், அதை எழுதியவருக்குக் கடல்கடந்த இடமாகவே படவில்லை போலிருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அடைப்புக்குறி மட்டும் போகவில்லை.

வாதாட வேறு வாசல் அதே சட்டத்தில் இருக்கலாம் என்று நான் இழுத்தேன். போர்நிலை என்று மத்திய அரசு கெஜட்டில் அறிவித்திருந்தால் அது ஒரு வழி. ஆனால் டெல்லி அதைப் போர் என்றே சொல்லவில்லையே, அமைதி காப்பு என்றல்லவா சொன்னது! "நீ இதுல ஜெயிச்சா லா ஜர்னல்ல பேர் வரும்மா. ஜெயிக்க ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு மூணு கொழந்தைய எங்க தூங்க வெப்பா?" என்று சொல்லி, சிவில் நடைமுறைச் சட்டத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். கட்டளை 5, விதி 28. கட்டளை 28.

இரண்டும் மிகச் சாதாரணமான விதிகள். முதலாவது, எதிராளி படையாளாக இருந்தால் சம்மனை அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்பி அவர் மூலம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, லீவு கிடைக்காத படையாள் தன் சார்பில் வழக்கை நடத்த யாருக்காவது அதிகாரம் கொடுக்கலாம். அதை அவர் தன் கமாண்டிங் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு, ஆபீசர் மேலொப்பமிட்டு அனுப்பினால் போதும். நோட்டரி வேண்டாம், முத்திரைத்தாள் வரிசையில் நிற்க வேண்டாம். அந்த மேலொப்பமே அத்தாட்சி.

நான் வாசகத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்து, எங்கே கையெழுத்து, எங்கே ஆபீசர் கையெழுத்து என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டு, 56 ஏ.பி.ஓ.வுக்கு அனுப்பினேன். திரும்பி வருமா என்றே நம்பிக்கையில்லை. வந்தது. தாள் நாலாக மடித்து, மடிப்பில் செம்மண் படிந்திருந்தது. ஹவில்தாரின் கையெழுத்து என் பென்சில் குறிக்குமேல் தமிழில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிதானமாக. கீழே ஆபீசர் மை ஊறிய பேனாவில் ஒரு கிறுக்கல், அதன்மேல் யூனிட்டின் வட்ட முத்திரை பாதி சாய்ந்து. மனைவிக்குத் தனிக் கடிதம் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று அந்த அம்மா உறையைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. முத்திரை நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்யச் சொன்ன மனு விசாரணையில் வீட்டுக்காரரின் வக்கீல் சட்டப்படி சரியாகத்தான் பேசினார்: இது ரென்ட் கண்ட்ரோல் கோர்ட், சிவில் நடைமுறைச் சட்டம் முழுசாக இங்கே செல்லாது. சீனியர் ஒப்புக்கொண்டார். "செல்லாதுங்க யுவர் ஆனர். ஆனா எதிர்மனுதாரர் எங்க இருக்கார்னு மனுதாரருக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் கேளுங்க." நீதிபதி கேட்டார். வீட்டுக்காரர் கூண்டில்கூட ஏறவில்லை, பின்வரிசையிலிருந்து எழுந்து, "மிலிட்டரி டியூட்டில இருக்காருங்க" என்றார். எங்கே? "சிலோன்ல." அவர் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். உத்தரவு ரத்தானது.

அமெரிக்காவில் 1940இலேயே இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். எதிராளி வராமலே தீர்ப்பு வேண்டும் என்றால், அவர் படையில் இருக்கிறாரா இல்லையா என்று வழக்குப் போட்டவர் முதலில் பிரமாணம் செய்ய வேண்டும். படையாளின் மனைவி குழந்தைகளைக் கோர்ட் உத்தரவில்லாமல் வீட்டைவிட்டு வெளியேற்றவும் கூடாது. சீனியர் இதை வாதத்தில் சொல்லவில்லை. ஸ்மால் காஸ் கோர்ட்டில் அமெரிக்காவைப் பேசினால் எதிர்த்தரப்பு சிரிக்கும் என்பார்.

பிறகு அசல் வழக்கு. வாடகை பாக்கிக்குப் பதில் எங்கள் கையிலேயே இருந்தது. அட்வான்ஸாக வீட்டுக்காரர் வாங்கியிருந்தது 3,500 ரூபாய், பத்து மாத வாடகை. அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்று இருந்தது. மீதி ஒன்பது மாதப் பணம் எங்கள் கட்சிக்காரருடையது, வீட்டுக்காரரிடம் சும்மா கிடக்கிறது. அப்படியிருக்க இரண்டு மாதம் தாமதமானதை வேண்டுமென்றே செய்த பாக்கி என்று எப்படிச் சொல்வது? அப்போது இதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இழுத்தன. 1996இல் நரசிம்ம ராவ் எதிர் நசிமுதீன் அகமது வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. எட்டு வருடம் முந்திப் பேசிவிட்டோம். எங்களுக்கு உதவியது 1985ஆம் வருடத்து சுந்தரம் பிள்ளை வழக்கு. 'வேண்டுமென்றே' என்றால் தெரிந்தே, மனசாரச் செய்தது என்று அது சொல்லியிருந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய நோட்டீசும் ஹவில்தார் பெயருக்குப் போய்த் திரும்பியதுதான். அதோடு அந்த மணியார்டர் ரசீது. கொடுத்ததை வாங்காதவர் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

உள்வாடகைதான் கடினமாக இருக்கும் என்று நான் பயந்தேன். இரண்டாவது பெண் அங்கே இருக்கிறாள், மறுக்க முடியாது. சொந்தக்காரி இல்லை. ஹவில்தார் வீட்டுக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கவில்லை. ஆனால் உள்வாடகை என்று நிரூபிக்க அவள் தனியாக ஓர் இடத்தைத் தன் வசத்தில் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பணமும் கொடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் புத்தகம். சீனியர் குறுக்கு விசாரணையில் புத்தகத்தைத் தொடவே இல்லை.

"அந்தப் போர்ஷன்ல எத்தனை சமையல்கட்டு?"

"ஒண்ணுதாங்க."

"எத்தனை அடுப்பு எரியும்?"

"ஒரே ஸ்டவ்வு. மண்ணெண்ண ஸ்டவ்வு."

"நர்ஸம்மா ராத்திரி டியூட்டிக்குப் போனா குழந்தைங்க யார்கிட்ட படுக்கும்?"

"அந்தப் பொண்ணுகிட்டதான்."

"அப்ப அந்தப் பொண்ணு நர்ஸம்மாவுக்கு வாடகை குடுக்கணுமா, நர்ஸம்மா அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் குடுக்கணுமா?"

எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. கேள்வி பதிவாகவில்லை. ஆனால் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் பதில் சொல்லத் தெரியாமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவரைக் கொடியவராக நினைக்க எனக்கு முடியவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். அந்தப் போர்ஷனைப் புதிதாக விட்டால் வாடகை இரட்டிப்பாகும், அட்வான்ஸும் கூடும். வாடகைச் சட்டம் பழைய குடித்தனத்தைக் காப்பாற்றக் காப்பாற்ற, புதிதாக வீடு தேடுகிறவருக்குக் கதவு இறுகிக்கொண்டே போனது என்பதும் உண்மை. அந்த இறுகிய கதவைத்தான் நர்ஸம்மாவும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் தட்டிப் பார்த்தார்.

சாட்சிக் கூண்டில் ஏற நர்ஸம்மா முறை வந்தபோது சின்னக் குழந்தை அழத் தொடங்கியது. நீதிபதி என்னைப் பார்த்து, "கவுன்சல் குழந்தையை வாங்கிக்கலாமே" என்றார். கோட்டும் கவுனுமாக வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த வழக்கில் நான் செய்த முக்கியமான வேலை அதுதான் என்று சீனியர் பிறகு ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். கோர்ட்டுக்கு வரும் பெண்கள் குழந்தையை எங்கே விடுவது என்பதற்கு அந்த வளாகத்தில் அன்றைக்கு ஒரு பெஞ்சுகூடக் கிடையாது.

மனு தள்ளுபடியானது. உத்தரவில் உள்வாடகை பற்றி இரண்டே வரி: ஒரே சமையலில் கூடி வாழ்வது தனி வசமாகாது, பணம் கைமாறியதற்குச் சான்றில்லை. வீட்டுக்காரர் அப்பீல் போனார். அப்பீல் நடந்த காலத்தில் இரண்டாவது பெண்ணின் புருஷன் காலில் குண்டடி பட்டுத் திரும்பி வந்தார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். உள்வாடகைக்குச் சொன்ன ஆளே இல்லை. ஆனால் நர்ஸம்மாவுக்கு ராத்திரி டியூட்டி இருந்தது. சில மாதம் மூத்த பெண்ணையும் சின்னதையும் நர்சிங் ஹோமின் லினன் அறையில் படுக்க வைத்தார். கண்டும் காணாமல் ஒரு ஹெட் நர்ஸ் விட்டிருந்தார்.

1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைகள் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டன. இலங்கையில் ஏறத்தாழ 1,200 பேரை இழந்துவிட்டுத் திரும்பிய படை. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை; அது ஏன் என்று அந்த நாளில் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹவில்தார் அப்படித் திரும்பியவர்களில் ஒருவர். துறைமுகத்திலிருந்து ராயபுரம் வீடு நடக்கிற தூரம்.

அடுத்து சிகந்தராபாத்துக்கு மாற்றல் வந்தது, குடும்ப குவார்ட்டர்ஸோடு. அப்பீலை நடத்த இரு தரப்புக்கும் மனசில்லை. சாவியை எங்கள் ஆபீஸிலேயே ஒப்படைப்பது என்று பேச்சு. வீட்டுக்காரர் ஒரு நோட்டுத் தாளில் கணக்கு எழுதி வந்திருந்தார்: அட்வான்ஸ் 3,500இல் சுண்ணாம்பு அடிக்க இவ்வளவு, உடைந்த ஜன்னல் கொக்கிக்கு இவ்வளவு, அடிபம்புக் கைப்பிடி புதிதாக மாட்ட இவ்வளவு.

"கைப்பிடியக் கழட்டினது யாரு?" என்றார் சீனியர்.

அந்த வரியை வீட்டுக்காரரே பேனாவால் அடித்தார். சுண்ணாம்புக் கூலியை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். மீதியை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, ரசீதில் கையெழுத்துப் போட்டு, கிளம்புகிற நேரத்தில் ஹவில்தாரின் பக்கம் குனிந்து, "கேன்டீன் கோட்டா இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இருக்கு," என்றார் ஹவில்தார். "சிகந்தராபாத்துல."